ஆவி விட்ட பட்டறை

நெல்லை வெட்டவெளியில் மலை மாதிரி குவித்து மாதக்கணக்கில் காப்பாற்ற முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால், இருபத்திரண்டு வயதில் நான் சிரித்திருப்பேன். எனக்குத் தெரிந்த நெல் சாக்குக்குள் இருக்கும். சாக்கு கிடங்குக்குள் இருக்கும். நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஆங்கிலப் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்து, திரும்பவும் அதே தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக உட்கார்ந்தவன். மரத்தின் பாலைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். நெல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மலாயாவில், பண்டார் பாருவிலிருந்து ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் போனால் எங்கள் தோட்டம். ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருடம் அது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பால் வெட்டி விற்க வழியில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தார்கள். ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரிக் கடிதம்கூட வரவில்லை.

அந்த அறுவடைக்குச் சுற்றியிருந்த கம்பங்களின், அதாவது மலாய்க் கிராமங்களின், நெல்லையெல்லாம் ஜப்பானியர் கேட்டு வாங்கினார்கள். அரிசி ஆலைக் கிடங்கு நிரம்பிவிட்டது. எங்கள் ரப்பர் ஸ்டோரும் நிரம்பிவிட்டது. படகுகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. நெல்லுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு நாள் எங்கள் பந்துத் திடலில் வந்து நின்று, கொட்டு இங்கே என்றார். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். மூன்று மாதம் இரவுப் பள்ளியில் கற்ற ஜப்பான் மொழி என்னிடம் கொஞ்சம் இருந்தது. இரண்டையும் கலந்து, மழை வந்தால் வீணாகிவிடும் என்றேன். மூடு என்றார்.

எப்படி மூடுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்போது புல் வெட்டும் பெண்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். கல்யாணமான கையோடு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவருடைய தகப்பனார் அங்கே ஒரு பண்ணையில் நெல் காப்பவராக இருந்தவராம்.

“பட்டறை போட்டா நிக்கும் கிராணியாரே. மழை என்னா, புயலே வந்தாலும் நிக்கும்.”

அந்தக் காலத்தில் நான் அவரை ‘நீ’ என்றுதான் சொல்வேன். கிராணிகள் லயத்தாரிடம் அப்படித்தான் பேசினோம். இப்போது எழுதும்போது அது வரவில்லை.

அதிகாரி என் வழியாகக் கேட்டார். எத்தனை ஆண்கள் வேண்டும்?

அந்த அம்மாள் திடலைச் சுற்றிப் பார்த்தார். யோசிப்பதுபோல வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். “பதினொரு ஆம்பளைங்க வேணும். ஒருத்தர் கொறைஞ்சாலும் கட்ட முடியாது.”

சொன்னபடி மொழிபெயர்த்தேன். அதிகாரி பதினொரு சீட்டுகளில் முத்திரை போட்டுக் கொடுத்தார். பட்டறை நல்லபடியாக நிற்கும்வரை அந்தப் பதினொரு பேரைச் சயாமுக்கு எடுப்பதில்லை. சாயங்காலம் பேர்ப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. லயத்தில் மிச்சமிருந்த ஆண்களே பதினொரு பேர்தான். அவருடைய புருஷன் அதில் ஒருவர். கட்டுவதற்கு நாலு ஆண்கள் போதும் என்பதை மறுநாள் நானே கண்ணால் பார்த்தேன். ஒரு விநாடியில், முகம் மாறாமல், ஒரு லயத்தையே காப்பாற்றிய அந்தக் கணக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அவர் கட்டியதைச் சொல்கிறேன். முதலில் திடலில் மேடான இடமாகப் பார்த்து மண் போட்டு உயர்த்தினார்கள். அதன்மேல் தென்னந்துண்டுகள், அதன்மேல் மூங்கில், அதன்மேல் இடுப்பளவு வைக்கோல். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வைக்கோலை முறுக்கி, தொடை கனத்துக்குக் கயிறு திரித்தார்கள். அதற்குப் பிரி என்று பேர். பிரியை வட்டமாக வளைத்து வைப்பார்கள். வட்டத்துக்குள் நெல்லைக் கொட்டி ஆண்கள் மிதிப்பார்கள். நெல் பிரியின் உயரத்துக்கு வந்ததும் அதன்மேல் அடுத்த சுற்று. சுவர் நெல்லைத் தாங்கும், நெல் சுவரைத் தாங்கும். ஒரு ஆணி கிடையாது. ஒரு தூண் கிடையாது. நாலு நாளில் மூன்று ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. வயிறு கொஞ்சம் பருத்து, மேலே போகப்போக ஒடுங்கி, உச்சியில் வைக்கோல் வேய்ந்து, அதன்மேல் ஓலையில் முடைந்த அத்தாப்புக் கூரை போட்டு, காற்றில் பறக்காமல் கல் கட்டித் தொங்கவிட்டார்கள்.

அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது நான் படித்ததெல்லாம் எவ்வளவு சின்னது என்று தோன்றியது. வெயில் ஏறியதும் அதிலிருந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை பசியைக் கிளப்பும், பிறகு எப்படியோ அதுவே பசியை அமர்த்தவும் செய்யும். மதியத்தில் சத்தம் அடங்கிய நேரம் காதை வைத்துக் கேட்டால், உள்ளே நெல் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்வதுபோல மெல்லிய சரசரப்பு கேட்கும். ஆற்றில் வந்த மலாய்ப் படகோட்டிகள் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். “பெசார்லா!” என்று ஒருவன் கத்தினான். எங்கள் பெண்களில் ஒருத்தி, “பெருசுதான், பெருசுதான்! மலையக் கட்டிட்டு மரவள்ளியத் திங்கப் போறோம்” என்று பதிலுக்குக் கத்தினாள். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பட்டினி கிடந்தவர்கள் நெல் மலையின்மேல் நின்று அப்படிச் சிரித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பட்டறையின்மேல் யாரும் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. அது அந்த அம்மாளின் சட்டம். அதிகாரி ஒரு நாள் பூட்ஸோடு ஏணியில் கால் வைத்தார். அந்த அம்மாள் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு, அதிகாரியின் காலைக் காட்டி, தலையை ஆட்டினார். ஜப்பானியரை நிமிர்ந்து பார்த்ததற்கே அறை வாங்கியவர்கள் நாங்கள். அதிகாரி அவரையும் பூட்ஸையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, வாரைக் கழற்றி, காலுறையோடு மேலே ஏறினார். உச்சியில் நெடுநேரம் நின்றார்.

இரண்டு பட்டறைகள் முடிந்து மூன்றாவது பாதி ஏறியிருந்தது. மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி மறுநாள் மத்தியானம் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. மூன்றும் முடிந்திருக்க வேண்டும் என்றார் எங்கள் அதிகாரி. அன்றைக்கென்று பருவம் தப்பிய மழை. வந்த மூன்று படகு நெல்லும் நனைந்திருந்தது. அள்ளினால் விரலில் ஒட்டியது.

“ரெண்டு நாள் வெயில்ல போட்டுக் காய வச்சு எடுத்துக்கலாங்க” என்றார் அந்த அம்மாள்.

“நாளைக்கு மத்தியானம் பெரியவர் வர்றார். ரெண்டு நாள் எங்க இருக்கு?”

“ஈர நெல்லு உசுரோட இருக்குங்க. உள்ளாற போட்டா அது சும்மா இருக்காது.”

“நடுவுல போடு. மேலயும் ஓரத்துலயும் காஞ்சதப் போடு. வர்றவங்க வெளியில இருந்துதான பாப்பாங்க?”

அவர் அசையவில்லை. நான் குரலைத் தாழ்த்தி இதைச் சொன்னேன்: “நாளைக்கு இது முடியலன்னா அந்தப் பதினொரு சீட்டுக்கும் நான் பொறுப்பில்ல.”

என் வாழ்க்கையில் நான் பேசியவற்றிலேயே கேவலமான பேச்சு அது. மேலே நெல் மிதித்துக்கொண்டிருந்த அவர் புருஷன் நின்று எங்களைப் பார்த்தார். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சொல்றீங்க, நா போடுறேன்” என்றார்.

மறுநாள் எல்லாம் நன்றாக நடந்தது. பெரிய அதிகாரி மூன்று மலைகளையும் சுற்றி வந்து தலையாட்டினார். எங்கள் அதிகாரி எனக்கு ஒரு டின் சர்க்கரை கொடுத்தார். அதை வீட்டில் வைத்து நான் மட்டும் தின்றேன்.

ஒவ்வொரு பட்டறையின் வயிற்றிலும் அந்த அம்மாள் ஒரு நீண்ட இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருந்தார். தினமும் காலையில் அதை உருவி, நுனியை முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நெல்லுக்கு அவர் பார்க்கும் நாடி அது. பெரிய அதிகாரி வந்துபோன எட்டாம் நாள் காலை மூன்றாவது பட்டறையின் கம்பியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

“தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். தேநீர் ஊற்றிய கிளாஸ்போல இருந்தது.

“வெயில் சூடு” என்றேன்.

“வெயிலு உள்ளாற எப்படிங்க போகும்? பிரிச்சிரணும். எல்லாரும் சேந்தா இன்னைக்குப் பொழுதுக்குள்ள பிரிச்சுப் பரப்பிரலாம். காய வச்சுத் திரும்பக் கட்டிக்கலாம்.”

பிரிப்பதற்கு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். ஈர நெல்லை உள்ளே வைத்தது யார் என்று கேட்பார். “ரெண்டு நாள் பாப்போம்” என்றேன்.

“நாம பாத்துக்கிட்டு இருப்போங்க. அது பாத்துக்கிட்டு இருக்காது.”

ஒன்பதாம் நாளும் வந்தார். பத்தாம் நாளும் வந்தார். பத்தாம் நாள் கம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை. நான் பட்டியல் எழுதுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பதினோராம் நாள் விடியும்போது சிறு தூறல் போட்டு நின்றது. பிறகு வெயில் அடித்தது. திடலில் யாரோ கூவும் சத்தம் கேட்டு ஓடினேன். மூன்றாவது பட்டறையின் உச்சியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. புகை அல்ல, வெள்ளை ஆவி. கூரையின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் நூல்நூலாகக் கிளம்பி, மேலே ஒன்றாகத் திரண்டு, காலை வெளிச்சத்தில் பொன்னாக மின்னியது. ஒரு மலை மூச்சு விடுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ‘தாயே’ என்று தரையில் விழுந்தாள். செய்த தப்பு என்னுடையது என்று தெரிந்த எனக்கும் அந்த நேரம் கை தானாகக் கூப்பிக்கொண்டது. அவ்வளவு அழகாகவும் அவ்வளவு பயங்கரமாகவும் இருந்தது.

அதிகாரி வந்து லாரியிலிருந்து இறங்கினார். அவரும் முதலில் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சும்மாதான் நின்றார். பிறகு பிரிக்குள் கையைச் செருகி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

யார்? ஒரே சொல். ஆங்கிலத்தில்.

அந்த அம்மாள் என் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் நின்றார். அவரிடம் கேட்டு மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. கையை நீட்டினேன். திடலின் ஓரத்தில் சேர்ந்து நின்ற அந்தப் பதினொரு பேரைக் காட்டினேன். “ஈர நெல்லைப் போட்டுவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“என்னங்க கேட்டாரு?” என்றார் அவர்.

“எப்பப் பிரிக்கலாம்னு கேட்டார்.”

“இப்பவே” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

அவர்கள் அதைப் பிரித்ததை நான் பார்த்தேன். கூரையை எடுத்ததும் சூடு முகத்தில் அறைந்தது. பெண்கள் கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கூடை கூடையாக அள்ளிக் கொட்டினார்கள். ஓரத்து நெல் பொன் நிறமாக அப்படியே இருந்தது. உள்ளே போகப்போகப் பழுப்பு, பிறகு கறுப்பு. அந்தக் கறுப்பைச் சுற்றி, சூடு குறைவாக இருந்த இடத்தில், நெல் முளைத்திருந்தது. வெளிச்சமே படாத இடத்தில் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டு, ஒன்றோடொன்று பின்னி, ஒரு கம்பளிபோல. அந்த அம்மாள் அதில் ஒரு துண்டைக் கிழித்துக் கையில் ஏந்திப் பார்த்தார். உயிரோடு இருக்கிறது என்று அவர் சொன்னதை அப்போதுதான் நான் கண்ணால் கண்டேன். இரண்டு நாளில் பிரித்து, உலர்த்தி, நல்லதையெல்லாம் திரும்பக் கட்டிவிட்டார்கள். கால் பங்குக்கும் குறைவாகத்தான் வீணானது. அவருடைய கையெல்லாம் கொப்புளம். கெட்டதை ஆற்றில் கொட்டச் சொன்னார்கள். லயத்தார் அதை மடியில் அள்ளிக்கொண்டு போய்க் குத்திக் கஞ்சி காய்ச்சினார்கள்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. பதினொரு சீட்டையும் அதிகாரி வாங்கிக் கிழித்தார். ஆண்கள் ஏறினார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அம்மாளின் புருஷன் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்: “ஏய், ரெண்டாவது பட்டறையில வடக்கால பிரி தளந்து கெடக்கு. பாத்துக்க.”

“சரி, நா பாத்துக்கறேன். நீ ஒடம்பப் பாத்துக்க” என்றார் அவர்.

சண்டை முடிந்து அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் திரும்பினார்கள். அவருடைய புருஷன் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அந்த லாரியால் மட்டும் அவரோடு சேர்த்து ஒன்பது விதவைகள் அந்த லயத்தில் இருந்தார்கள். யாரைக் குற்றம் சொல்வது? பட்டறை கட்டியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஈர நெல்லை நடுவில் போடச் சொன்னபோது பக்கத்தில் நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர். மேலே மிதித்தவர்கள் எல்லாரும் லாரியில் போய்விட்டார்கள். திரும்பிய இரண்டு பேரும் அன்று ஆற்றங்கரையில் நெல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள். குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். ‘ஆவி விட்டவ’ என்று அவருக்குப் பேர் வந்தது. “தெரியாத வேலையத் தெரியும்னு சொல்லி எம்புருசன அனுப்பி வச்சா” என்று ஒருத்தி அவர் காதுபடச் சொன்னதை நானே கேட்டேன். கேட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

சில வருடம் தாங்கினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அதிகாரி என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதை ஒப்புக்கொண்டேன். அவர் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றார். “கைய நீட்டினீங்களே. அதுக்கு எந்தப் பாஷை வேணும்?”

“அப்பவே ஏன் கேக்கல?”

“கேட்டு? ஒங்கள விட்டா ஜப்பான்காரங்கிட்டப் பேச எங்களுக்கு வேற வாயி ஏது?”

கீரையை ஆய்ந்து முடித்துவிட்டு அவரே சொன்னார்: “போனவரு வரப்போறதில்ல. இவங்க என்னப் பேசுற பேச்சுதான் தாங்க முடியல. அந்த வேலை எனக்குத் தெரியும் ஐயா. நா சொன்னா எவ நம்புவா? கோயில் கூட்டத்துல எல்லாரும் இருப்பாங்க. நீங்க எந்திரிச்சு, ஈர நெல்லப் போடச் சொன்னது நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்.”

சொல்கிறேன் என்றேன்.

மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் கூட்டம் நடந்தது. நான் கோயில் செயலாளர். பெண்கள் வரிசையில் கடைசியில் அவர் உட்கார்ந்திருந்தார். துவைத்துக் கட்டிய சேலை. நான் எழுந்தேன். எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. மற்ற எட்டு விதவைகளும் பார்த்தார்கள். “வர்ற வெள்ளிக்கிழமை காப்புக் கட்டறோம்” என்று ஆரம்பித்து, தண்ணீர்ப் பந்தல் யார் பொறுப்பு, தீச்சட்டி எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் மற்றவர்களோடு காய் நறுக்கினார். அதைப் பற்றி அவர் மறுபடி என்னிடம் பேசவே இல்லை. அடுத்த வருடம் கூலிம் ஊரில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது, போய்விட்டேன். அவர் இறந்த சேதி ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது.

போன மாதம், அப்போது சிறு பிள்ளையாக இருந்த அவருடைய மகளைத் தேடிக் கண்டுபிடித்தேன். இதே கூலிமில், தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளோடு அடுக்குமாடியில் இருக்கிறார். அறுபது தாண்டியவர். இதுவரை எழுதியதை அவரிடம் வாசித்தேன். கீழே கம்பெனி பஸ் வந்து ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

“அம்மா சாகுற வரைக்கும் அந்தக் குழாயடிக்குக் கடைசி ஆளாத்தான் போச்சு” என்றார். “எல்லாரும் புடிச்சுக்கிட்டுப் போனப்புறம் போகும்.”

“இதைப் புத்தகமாப் போடப் போறேம்மா. எல்லாரும் படிப்பாங்க.”

“யாரு அந்த எல்லாரும்? அங்க லயத்துல இருந்தவங்க படிக்கணும்லா சார். அவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. லயத்தையே இடிச்சுட்டாங்க.”

அவர் எழுந்து போய் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு மற்ற எட்டு விதவைகளின் பிள்ளைகளில் மூன்று பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார். ஒருவர் பண்டார் பாருவில், இருவர் இங்கேயே. காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

நாளைக் காலை பண்டார் பாருவுக்குப் போகிறேன். தாளைப் பார்த்து வாசிக்கப் போவதில்லை. வாசலில் நின்றே சொல்லிவிடப் போகிறேன். ஈர நெல்லைப் போடச் சொன்னது நான். அந்த அம்மாள் வேண்டாம் என்றார்.